மண்ணுக்குள் வெயில் எவ்வளவு தூரம் போகும்?



கோடை வந்தா நகரத்திலிருந்து படிக்கிறவங்க என்கிட்ட கேட்கிற கேள்வி ரெண்டு. ஒண்ணு, "சாயங்காலமே வெயில் இறங்கிடுது. ஆனா ராத்திரி ஒன்பது மணிக்கும் மாடிக்குக் கீழ இருக்கிற அறை கொதிக்குதே, ஏன்?" இன்னொண்ணு, "மண் சுவர் வீடு குளுகுளுன்னு இருக்கும்னு சொல்றாங்களே, நிஜமா, இல்லே சும்மா பழம்பெருமையா?"

ரெண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கு. கெட்டியான பொருளுக்குள் சூடு என்ன வேகத்தில் நடக்குது என்பதில். அந்த வேகத்தை மனுஷன் அளந்து தெரிஞ்சுக்கிட்ட கதை கிட்டத்தட்ட 240 வருஷக் கதை. அதில் ஒரு டச்சு வைத்தியர் வர்றார், ஒரு பிரெஞ்சுத் தையல்காரர் மகன் வர்றார், ஆலப்புழையில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் வர்றார், பாலக்காட்டுக்காரர் ஒருத்தர் வர்றார். நம்ம பக்கத்துக் கல் உடைக்கிறவங்களும் வர்றாங்க.

எனக்கு இதில் சொந்தக் காரியமும் ஒண்ணு இருக்கு. எங்க வீட்டின் முன்பாதி தாத்தா காலத்து மண் சுவர். ஒன்றரை அடி கனம், மேலே மச்சு, அதுக்கு மேலே நாட்டு ஓடு. பின்பாதி நாங்க கட்டின கான்கிரீட். முன்பாதியை இடிச்சிட்டு மொத்தமும் கான்கிரீட் போட்டுடலாம்னு வீட்டில் ஒரு பேச்சு ரெண்டு வருஷமா ஓடுது. எங்க அம்மாவுக்கு 82 வயசு. பங்குனி பிறந்தா அவங்க படுக்கை தானா முன்பாதிக்கு வந்துடும். அதனால் இந்தக் கதையை நான் பொழுதுபோக்குக்குப் படிக்கலை. பத்தாவது வரைக்கும் படிச்சவன் நான். எனக்குப் புரிஞ்ச அளவில் எழுதறேன்.

முதலில் சூடு எப்படி நடக்குதுன்னு பார்த்துடலாம். மாடி கான்கிரீட் போடுற அன்னைக்குக் கலவைச் சட்டியைக் கைமாத்திக் கைமாத்தி ஏத்துவாங்க, பார்த்திருப்பீங்க. வரிசையில் நிக்கிறவங்க யாரும் இடத்தை விட்டு நகர்றதில்லை. சட்டி மட்டும் மேலே போகும். கல்லுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் சூடு அப்படித்தான் போகுது. சூடான இடத்தில் இருக்கிற அணுக்கள் வேகமா அதிருது. பக்கத்து அணுவை ஆட்டுது. அது அடுத்ததை ஆட்டுது. பொருள் அங்கேயே இருக்கும், அதிர்வு மட்டும் கைமாறும். உலோகத்தில் இந்த வரிசை போக, நடுவில் சின்னப் பசங்க சட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடுற மாதிரி எலக்ட்ரான்களும் ஓடுது. அதனால்தான் செம்பும் அலுமினியமும் சட்டுனு சூடேறும்.

எல்லா உலோகமும் ஒண்ணு இல்லை. எங்க சேலம் உருக்காலை 1981-இல் ஓடத் தொடங்கியதிலிருந்து "சேலம் ஸ்டெயின்லெஸ்" என்ற பேர் ஊரெல்லாம் பரவுச்சு. அந்த எவர்சில்வர் சூட்டைக் கடத்துற திறமை, செம்பின் திறமையில் இருபத்தஞ்சில் ஒரு பங்குதான். அடுப்புக்கு நேரா இருக்கிற இடம் மட்டும் சூடாகி அங்கேயே அடிப்பிடிக்கிறது அதனால்தான். எவர்சில்வர் பாத்திரத்துக்கு அடியில் செம்பு வச்சு விக்கிறதும் அதுக்குத்தான். செம்பில் போகிற சூட்டில் ரெண்டாயிரத்தில் ஒரு பங்குகூட மரக்கட்டையில் போகாது. கொதிக்கிற குழம்பைக் கிண்ட நம்ம ஆத்தாமார்கள் கொட்டாங்குச்சி அகப்பை வச்சிருந்தாங்க. கை அறிந்த விஷயம் இது. எந்தப் பொருள் எவ்வளவு கடத்துதுன்னு வரிசைப்படுத்த மட்டும் ஒருத்தர் தேவைப்பட்டார்.

அவர்தான் அந்த டச்சு வைத்தியர், யான் இங்கன்ஹவுஸ். வியன்னா அரண்மனையில் மருத்துவரா இருந்தவர். விவசாயிக்கு இவர் ரொம்ப வேண்டியவர். செடியின் பச்சைப் பகுதி வெளிச்சத்தில்தான் நல்ல காற்றை வெளிவிடுது, இருட்டில் விடறதில்லை என்று 1779-இல் காட்டினவர் இவரே. இன்னைக்கு ஒளிச்சேர்க்கைன்னு பிள்ளைங்க படிக்கிற பாடத்துக்கு அடித்தளம் அது. அதே மனுஷன் 1780-களில், நண்பர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சொன்ன யோசனையை வச்சு ஒரு சோதனை செஞ்சார். ஒரே கனத்தில் ஏழு உலோகக் கம்பி எடுத்தார். எல்லாத்துக்கும் மெழுகு பூசினார். ஒரு நுனியைச் சூடான எண்ணெயில் முக்கினார். எந்தக் கம்பியில் மெழுகு அதிக உயரத்துக்கு உருகுதோ அது நல்ல கடத்தி. வெள்ளி முதல் இடம், செம்பு அடுத்தது, ஈயம் கடைசிப் பக்கம். மெழுகும் எண்ணெயும் போதும், இன்னைக்கும் பள்ளிக்கூடத்தில் செய்யலாம்.

அடுத்த பத்து வருஷத்தில் கவுண்ட் ரம்ஃபோர்டு என்பவர் எதிர்த்திசையில் தேடினார். எது சூட்டைக் கடத்தாது? கம்பளி, முயல் ரோமம், பறவை இறகு எல்லாத்துக்குள்ளும் வெப்பமானியை வச்சுப் பார்த்தார். கதகதப்பைக் காக்கிறது ரோமம் மட்டும் இல்லை, அதுக்குள்ள அசையாம மாட்டிக்கிட்டிருக்கிற காற்றுதான் முக்கியமான வேலைக்காரன்னு கண்டார். அதுக்கு 1792-இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்துச்சு. இதை மனசில் வச்சுக்குங்க. வைக்கோல், கரும்புத் தோகை, நாட்டு ஓட்டுக்கும் மச்சுக்கும் நடுவில் இருக்கிற வெற்றிடம், எல்லாத்திலும் வேலை செய்யறது இந்த மாட்டிக்கிட்ட காற்றுதான்.

எந்தப் பொருள் கடத்தும், எது கடத்தாதுன்னு தெரிஞ்சாச்சு. எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் என்ற கணக்கு இன்னும் வரலை. அதைக் கொண்டுவந்தவர் ஜோசப் ஃபூரியே. 1768-இல் பிரான்சில் ஒரு தையல்காரர் வீட்டில் பிறந்து, சின்ன வயசிலேயே அப்பா அம்மாவை இழந்தவர். நெப்போலியன் படையோடு எகிப்து போனார். திரும்பி வந்ததும் கிரெனோபிள் பகுதிக்கு நிர்வாகி ஆனார், நம்ம ஊர் கலெக்டர் மாதிரி. பூர்குவான் பக்கத்துச் சதுப்பு நிலத்தை வடிய வச்சு விளைநிலம் ஆக்கினது அவர் பதவிக் காலத்தில்தான். பகலில் சதுப்பு, ரோடு, வரி. மிச்ச நேரத்தில் சூட்டுக் கணக்கு. 1807-இல் பாரிஸ் அறிஞர் சபைக்கு எழுதிக் கொடுத்தார். லக்ராஞ்சு மாதிரி பெரிய கணித மேதைகள் ஒத்துக்கலை. விடாம எழுதி 1822-இல் முழுப் புத்தகமாப் போட்டார்.

அவர் சொன்னதைச் சுருக்கமாச் சொன்னா இதுதான். ரெண்டு பக்கத்துக்கும் வெப்ப வித்தியாசம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சூடு ஓடும். கனம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு குறைவா ஓடும். இதிலிருந்து ஒரு விசித்திரம் பிறக்குது. சூடு ரெண்டு மடங்கு ஆழம் போக நாலு மடங்கு நேரம் எடுக்கும். மூணு மடங்கு ஆழம்னா ஒன்பது மடங்கு நேரம்.

இதை மண்ணில் வச்சுப் பாருங்க. பகல் ஏறி ராத்திரி இறங்குற வெயில் ஒரு அலை. அது ஒரு நாளுக்கு ஒரு தடவை வர்றது. சாதாரண மண்ணில் அந்த அலை அஞ்சு அங்குலம் இறங்குறதுக்குள்ள மூணில் ஒரு பங்கு அளவுக்குத் தேஞ்சுபோகும். அதுவும் உடனே இல்லை, நாலு மணி நேரம் தாமதமா. ஒரு அடி ஆழத்தில் பத்தில் ஒரு பங்குகூட மிச்சமிருக்காது, அந்த மிச்சமும் நடு ராத்திரிக்குப் பக்கத்தில்தான் போய்ச் சேரும். சித்திரை மத்தியானம் வெறும் மண்ணில் கால் வைக்க முடியாது. அதே இடத்தில் கடப்பாறையால் ஒரு முழம் தோண்டிக் கையை வச்சுப் பாருங்க, குளிர்ச்சி தெரியும். உங்க ஊர்ல காலி மனை இருந்தா நீங்களே செஞ்சு பார்க்கலாம்.

வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற அலையும் இருக்கு, கோடையும் மார்கழியும். வருஷம்ங்கிறது நாளைவிட 365 மடங்கு நீளம். ஆழமோ அதன் வர்க்கமூலம் அளவுக்குத்தான் கூடும், அதாவது சுமார் 19 மடங்கு. ஒரு நாள் வெயில் ஒரு அடியில் அடங்கினா, ஒரு வருஷ வெயில் 19 அடிக்குப் போய் அடங்கும். அதுக்குக் கீழ கோடையும் இல்லை, மார்கழியும் இல்லை. எங்க கிணற்றுத் தண்ணி சித்திரையில் சில்லுனும் மார்கழி விடியலில் வெதுவெதுப்பாவும் தெரியும். தண்ணி மாறலை. சுத்தி இருக்கிற காற்றுதான் மாறியிருக்கு. ஆழத்தில் வருஷம் பூரா ஏறக்குறைய ஒரே வெப்பம்தான்.

எங்க பெரியவங்க சோளக் குழி வெட்டினது இதுக்குத் தோதான வேலை. ஆள் ஆழத்துக்கு மேலே குழி, சுத்தி வைக்கோல் பிரி, உள்ள சோளம், மேலே மண் மூட்டம். மாசக்கணக்கில் கெடாது. திறக்கிறப்ப உடனே இறங்கக் கூடாது, விளக்கை இறக்கி அணையுதான்னு பார்த்துட்டுத்தான் இறங்கணும் என்பாங்க. மூச்சு முட்டுற காற்று உள்ள தேங்கி இருக்கும். அந்தக் காற்றும் பூச்சியைக் கொன்னுச்சு, மாறாத வெப்பமும் தானியத்தைக் காத்துச்சு.

ஃபூரியே கணக்கு சரியான்னு பார்க்க ஆளுங்க மண்ணில் வெப்பமானியைப் புதைக்க ஆரம்பிச்சாங்க. அவருக்கு முன்னாடியே, 1783-இல், லவாய்சியே செய்த வெப்பமானியைப் பாரிஸ் வானாய்வுக் கூடத்தின் நிலவறையில், சுமார் 28 மீட்டர் ஆழத்தில் வச்சிருந்தாங்க. பனிக்காலமோ கோடையோ அது 12 டிகிரிக்குப் பக்கத்திலேயே நின்னுச்சு. 1837-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பேராசிரியர் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் இன்னும் தெளிவாச் செஞ்சார். எரிமலைப் பாறை, மணல், மணற்கல் என மூணு வகை நிலத்தில், நாலு நாலு ஆழத்தில் நீளமான வெப்பமானிகளை இறக்கினார். ஒரே ஊரு, ஒரே வெயில். ஆனா மூணு நிலத்திலும் சூடு இறங்கின வேகம் வேற வேற. அதிக ஆழமான வெப்பமானி கிட்டத்தட்ட 26 அடியில் இருந்துச்சு. அங்கே வருஷத்தின் உச்ச வெப்பம் வந்தது ஜனவரி வாக்கில். மேலே பனி கொட்டுது; போன கோடை அப்பத்தான் கீழ போய்ச் சேருது!

இந்தச் சோதனை நம்ம பக்கமும் வந்துச்சு. ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவரா இருந்தவர் ஜான் கால்டிகாட். சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் திருவனந்தபுரத்தில் வானாய்வுக் கூடம் தொடங்கினப்ப அதை நடத்துற பொறுப்பு அவருக்கு வந்துச்சு. அவர் 1842 மே மாசத்திலிருந்து 1845 டிசம்பர் வரைக்கும் திருவனந்தபுரத்து மண்ணின் வெப்பத்தை வெவ்வேறு ஆழத்தில் அளந்து எழுதினார். எடின்பரோ அறிஞர் சங்கம் அதை அச்சிட்டுச்சு. வெப்ப நாட்டு மண்ணைப் பத்தி வந்த முன்னோடிக் கணக்குகளில் ஒண்ணு அது. பனியே பார்க்காத செம்மண்ணும் பனிமூடிய ஸ்காட்லாந்துப் பாறையும் ஒரே விதிக்குக் கட்டுப்படுதான்னு ஒப்பிட்டுப் பார்க்க உலகத்துக்கு வழி கிடைச்சுது.

இதெல்லாம் நடக்கிறதுக்கு முன்னாடியே அந்த விதியை வச்சுச் சோறு சாப்பிட்டவங்க நம்ம தென்னாட்டில் இருந்தாங்க. பாறையைத் தீ போட்டுப் பலகை பலகையா உரிக்கிற கல் தொழிலாளிகள். தரையோட தரையா இருக்கிற கருங்கல் பாறை மேல் விறகை ஒரு வரிசையா வச்சு எரிப்பாங்க. சம்மட்டியால் தட்டித் தட்டிச் சத்தத்தைக் கேட்பாங்க. கணீர்னு கேட்டா இன்னும் ஒட்டியிருக்கு. சத்தம் மாறினா அடியில் விட்டுடுச்சு. உடனே தீயைக் கொஞ்சம் முன்னால் தள்ளுவாங்க. இப்படியே நகர்த்தினா சில அங்குல கனத்தில் பெரிய பலகை ஒண்ணு அடிப்பாறையிலிருந்து பிரிஞ்சு வந்துடும். பெங்களூர்ப் பக்கத்தில் இதைப் பார்த்து அசந்துபோன வார்த் என்பவர் 1895-இல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்.

இதன் சூட்சுமம் பாருங்க. கருங்கல்லில் சூடு ஒரு மணி நேரத்தில் சில அங்குலம்தான் இறங்கும். மேல் பகுதி சூடாகி விரியுது. கீழ இருக்கிறது குளிர்ந்தபடியே அசையாம நிக்குது. விரியற கல்லும் விரியாத கல்லும் ஒட்டியிருக்க முடியாம நடுவில் பிளக்குது. தீயை நகர்த்தாம ஒரே இடத்தில் வச்சா சூடு கீழ போயிடும், கல்லும் கண்டபடி வெடிக்கும். சேலம், நாமக்கல் பக்கத்தில் வயக்காட்டு வேலியாவும் மாட்டுக் கொட்டாய்த் தூணாவும் நிக்கிற கல்காலைப் பார்க்கிறப்ப எனக்கு இந்தக் காதுகள்தான் ஞாபகம் வரும். ஃபூரியே சமன்பாட்டில் எழுதினதை இவங்க சத்தத்தில் படிச்சாங்க.

இன்னும் ஆழத்துக்குப் போனா கதை தலைகீழ். 19 அடிக்குக் கீழ வெயில் இல்லை, ஆனா பூமியின் சொந்தச் சூடு கீழிருந்து மேலே கசிஞ்சுக்கிட்டே இருக்கு. கோலார் தங்கவயலில் 3 கிலோமீட்டருக்கும் கீழ வரைக்கும் வெட்டினாங்க. அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கு மேல். பாறை எவ்வளவு மெதுவாக் கடத்தினாலும் கோடிக்கணக்கான வருஷத்தில் சூடு வந்து சேர்ந்துடுது. அந்தச் சூட்டில் வேலை செஞ்சவங்களில் பெரும்பகுதி தமிழர்கள். 2001-இல் சுரங்கம் மூடுற வரைக்கும் தலைமுறை தலைமுறையா இறங்கினாங்க.

விஞ்ஞானத்திலும் நம்மவங்க இருந்தாங்க. விருதுநகர்ப் பக்கம் வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், ராமனோடு சேர்ந்து ராமன் விளைவு ஆராய்ச்சி செஞ்சவர்னு எல்லாருக்கும் தெரியும். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் ஆன பிறகு, 1950-களில் எஸ்.சி. ஜெயின் என்பவரோடு சேர்ந்து வேறொரு கேள்வியை எடுத்தார். காற்றில்லாத குழாய்க்குள் மின்சாரத்தால் சூடாகிற மெல்லிய கம்பியில், நடுவிலிருந்து நுனி வரைக்கும் வெப்பம் எப்படிப் பரவியிருக்கும்? பழைய குண்டு பல்பு இழையை நினைச்சுக்குங்க. அதுவும் ஃபூரியே வழியில் வந்த கணக்குதான்.

ஆனா விவசாயி கும்பிட வேண்டியவர் எல்.ஏ. ராமதாஸ். 1900-இல் பாலக்காட்டில் பிறந்தவர். கல்கத்தாவில் ராமனிடம் படிச்சுட்டு வானிலைத் துறையில் சேர்ந்தார். இந்திய விவசாயத்தை ஆராய்ந்த ராயல் கமிஷன் 1928-இல் அறிக்கை கொடுத்த பிறகு, 1932-இல் பூனாவில் வேளாண் வானிலைப் பிரிவு தொடங்கினப்ப அதுக்குத் தலைமை ஏற்றவர் இவர். அதுவரைக்கும் வானிலைக்காரங்க வானத்தைத்தான் பார்த்தாங்க. இவர் மண்ணைப் பார்த்தார்.

பூனாவின் கரிசல் மண் கோடையில் மேற்பரப்பில் 60 டிகிரியைத் தாண்டும். ராமதாஸும் அவரோடு இருந்த திராவிடும் அந்த மண் மேல் வெள்ளைச் சுண்ணக்கட்டித் தூளை மெல்லிசாத் தூவி, கீழே ஆழம் ஆழமா அளந்தாங்க. வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்புச்சு. மேலே சூடு குறைஞ்சுது. மேலே குறைஞ்சா கீழ இறங்குறதும் குறையும் இல்லையா, ஆழத்திலும் குளிர்ச்சி தெரிஞ்சுது. வேர் இருக்கிற ஆழத்தின் வெப்பத்தை மேலே ஒரு தோல் கனத்தில் செய்யற வேலையால் மாத்தலாம் என்பது 1930-களிலேயே நம்ம நாட்டில் அளந்து காட்டின விஷயம்.

அவரோட இன்னொரு கண்டுபிடிப்பையும் சொல்லியாகணும். காற்றில்லாத தெளிவான ராத்திரியில் தரையை ஒட்டின காற்றுதான் எல்லாத்தையும் விடக் குளிரா இருக்கணும் என்பது புத்தகம். ராமதாஸும் ஆத்மநாதனும் அளந்தப்ப அப்படி இல்லை. தரையிலிருந்து ஒரு முழம் அளவு உயரத்தில்தான் குளிர் அதிகம். 1932-இல் அதை வெளியிட்டாங்க. ரொம்ப நாள் பலபேர் நம்பலை, அளந்ததில் பிசகு என்றாங்க. அவர் வெப்பமானியை நம்பினார். பிறகு பல நாட்டில் அளந்து உண்மைன்னு ஒத்துக்கிட்டாங்க. 1990-களில் பெங்களூரில் ரொத்தம் நரசிம்மா குழு அதுக்குக் கணக்கு விளக்கம் கொடுத்துச்சு. 'ராமதாஸ் அடுக்கு' என்றே அதுக்குப் பேர்.

இப்ப எங்க காட்டுக்கு வர்றேன். கெங்கவல்லியில் சுவேத நதி வருஷத்தில் பாதி நாள் மணலாத்தான் கிடக்கும். கிணறும் போரும்தான் கதி. கரும்பு வெட்டினதும் தோகைக்குத் தீ வைக்கிறது இங்கே வழக்கம். வைக்கிறவங்களைக் குறை சொல்ல மாட்டேன். தோகை கிடந்தா எலி வரும், கரையான் வரும், வாய்க்கால் ஓட்ட முடியாது, தெரியாம பீடித் துண்டு விழுந்தா மொத்தமும் போகும். ஆனா தீ வச்ச மறுநாளிலிருந்து அந்த மண் கறுத்துப்போய் அம்மணமாக் கிடக்குது. கறுப்பு வெயிலை முழுசா வாங்கும். அடியிலிருக்கிற கட்டைக் கரும்பின் வேரோ மேலே ஒரு அடிக்குள்ளதான் அதிகம், சரியா அந்த ஒரு நாள் அலை அடங்குற ஆழம்! நான் பார் இடைவெளியில் தோகையைப் பரப்பி விடறேன். வேளாண் பல்கலைக்கழகமும் சொல்றது இதைத்தான். தோகைக்குள்ள ரம்ஃபோர்டு சொன்ன காற்று மாட்டிக்கிட்டு நிக்குது. தோகையை விலக்கிக் கை வச்சா ஈரம் தெரியும். தண்ணி விடற இடைவெளி சில நாள் தள்ளிப் போகுது. கிணறு கீழ போற மாசத்தில் அந்தச் சில நாள்தான் எனக்குப் பயிர்.

கோடை உழவும் இதே கணக்குதான். புழுதியாக் கிடக்கிற மேல்மண் நெருப்பாக் கொதிக்கும். ஆனா கட்டிக்கும் கட்டிக்கும் நடுவில் காற்று இருக்கிறதால் அந்தச் சூடு கீழே இறங்கத் திணறும்.

இனி உங்க முதல் கேள்விக்கு வருவோம். பத்துக்குப் பத்து அறைக்கு மேலே அஞ்சு அங்குலக் கான்கிரீட் போட்டா அதன் எடை மூணு டன்னுக்குப் பக்கம். காலையிலிருந்து அந்த மூணு டன் கல்லு சூட்டைக் குடிக்குது. மேலே உச்ச சூடு மத்தியானம் ரெண்டு மணிக்குன்னு வச்சுக்குங்க. அது அடிப்பக்கம் வந்து சேர மூணு மணி நேரத்துக்கு மேலே ஆகும். நீங்க ஆபீஸ் விட்டு வர்ற நேரத்துக்குச் சரியா வரும். அப்புறம் குடிச்ச சூட்டை ராத்திரி பூரா கீழே உங்க மேலேயும் மேலே வானத்துக்குமாத் திருப்பிக் கொடுக்குது. ஃபேன் போட்டா அந்தச் சூடான காற்றுதான் கீழ வரும். தகரக் கூரைக்கு இந்தத் தாமதமே கிடையாது. பகலில் அடுப்பு, வெயில் இறங்கினதும் ஆறிடும். கான்கிரீட் ரெண்டுக்கும் நடுவில் மாட்டிக்கிட்டது; நாம தூங்கப் போற நேரத்துக்குச் சூட்டைக் கொண்டுவந்து சேர்க்கிற அளவுக்கு மட்டும் அதுக்குக் கனம் இருக்கு.

ஒன்றரை அடி மண் சுவரில் அந்த அலை உள்ளே வந்து சேர அரை நாளுக்கு மேலே ஆகும். வர்றதுக்குள்ள தேஞ்சும் போயிடும். மச்சும் ஓடும் நடுவில் காற்றை வச்சு மேலிருந்து வர்றதைத் தடுக்குது. அதனால் மண் வீடு குளுமை என்பது பழம்பெருமை இல்லை, நிஜம்தான். ஆனா ஒரு நிபந்தனை உண்டு. சுவர் வாங்கின சூடு கடன் மாதிரி, எப்பவாவது திருப்பித்தான் ஆகணும். ராத்திரி சன்னல் கதவைத் திறந்து காற்றோட விட்டாத்தான் அது வெளியே போகும். பூட்டியே வச்சா நாலு நாளில் மண் வீடும் புழுங்கும். அந்தக் காலத்தில் ஜனங்க திண்ணையிலும் களத்திலும் படுத்தாங்க, வீடு ராத்திரி பூரா மூச்சு விட்டுச்சு.

மண் வீட்டுக்குக் குறையும் இல்லாம இல்லை. ஓடு மாத்துற ஆள் இப்ப கிடைக்கிறதில்லை. மழையில் சுவர் கரையும். கரையான், எலி, எலியைத் தேடி வர்ற பாம்பு. "நம்ம வீடு மட்டும் ஏன் இன்னும் இப்படி?"ன்னு கேட்கிற பிள்ளைங்க மனசும் இருக்கு. கான்கிரீட் வீடுங்கிறது எங்க தலைமுறைக்கு மரியாதை. கூரை வீடு பத்தி எரிஞ்சதைப் பார்த்தவங்களுக்கு அந்த மரியாதையோட அருமை தெரியும்.

வீட்டில் உக்காந்து பேசினோம். சூடு என்ன வேகத்தில் நடக்குதுன்னு இங்கே எழுதினதைத்தான் அவங்ககிட்டயும் சொன்னேன். முன்பாதிச் சுவரை இடிக்கிறதில்லைன்னு முடிவாகியிருக்கு. ஓட்டைப் பிரிச்சு, மக்கிப்போன கைமரத்தை மாத்தி, திரும்ப வேய ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வர்றேன்னு சொல்லியிருக்கார். சுவரின் அடியில் மழை தெறிக்காம இருக்க ரெண்டடி உயரத்துக்குக் கல் கட்டப் போறோம். பின்பாதி மாடியில் மாசி கடைசியிலேயே கெட்டியாச் சுண்ணாம்பு ரெண்டு கை அடிச்சாச்சு. ராமதாஸ் கரிசல் மண்ணில் செஞ்ச வேலையைத்தான் நாங்க கான்கிரீட்டில் செஞ்சிருக்கோம்.

வாடகை வீட்டில் இருக்கிறவங்க மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்க வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்க, செலவு கம்மி. முடியாட்டி மாடியில் காலி சாக்கு, தென்னங்கீற்று எதையாவது பரப்புங்க, காற்று மாட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி. சாயங்காலம் வெளிக் காற்று ஆறினதும் சன்னலைத் திறந்து வைங்க. வீட்டில் வயசானவங்க இருந்தா கோடையில் அவங்க படுக்கையை மொட்டை மாடிக்கு நேர் கீழ போடாதீங்க. கீழ்த் தளம் இருந்தா அங்கே மாத்துங்க.